இரும்புக்கும் வில்லங்கம்

‘நமக்குள்ள என்ன’ என்ற சொல்லைக் கேட்டு உருகாத வீடு இல்லை. அந்தச் சொல்லால் ஓட்டாண்டியான வீடுகளும் குறைவில்லை. அயலான் கடன் கேட்டு வந்தால் அவனை வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்கிறோம். உறவுக்காரன் வெறுங்கையோடு வந்தால் நடு வீட்டில் பாய் விரிக்கிறோம். பணம் படைத்தவன் தன் மகனுக்குக் கொடுக்கும் கைக்கடிகாரத்தைக்கூட எழுதி வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறான். உழைத்துத் தின்கிறவனோ தன் பிழைப்புக்கான கருவிகளையே வாய்ச்சொல்லில் பங்கிட்டுவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயரும் சூட்டிவிடுகிறான். கடைசல்காரி அந்தச் சொல்லை முதன்முதலாக மறுத்தது ஒரு மதியச் சாப்பாட்டின்போது.

கடைசல்காரி என்பது தெரு வைத்த பெயர். ஒரு பெண் லேத்து முன்னால் நின்று இரும்பைக் கடைகிறாளே என்ற ஏளனத்தில் வைத்த பெயர். பம்புசெட்டின் தண்டு தேய்ந்தவனும், பல்சக்கரம் உடைந்தவனும் ‘கடைசல்காரி வீடு எது’ என்று கேட்டுக்கொண்டு வரத் தொடங்கிய பிறகு, ஏளனம் தேய்ந்து விலாசமாகிவிட்டது.

பட்டறையும் வீடும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. தெருவை ஒட்டி அவள் கணவன் வெல்டிங் வைப்பான். அவனைத் தாண்டி லேத்து. லேத்தைத் தாண்டித் தொங்கும் கோணிப்படுதாவுக்கு அப்பால் அடுப்படி. இரும்புத்தூள் விழாத சோற்றை அந்த வீட்டில் யாரும் தின்றதில்லை. உச்சி வெயிலில் தகரம் காய்ந்து சடசடக்கும்போது, உளி முனையிலிருந்து நீலம் பாய்ந்த இரும்புச் சுருள்கள் புகைந்துகொண்டே கழன்று அவள் காலடியில் குவியும். தெறித்த சுருள் சுட்ட தழும்புகள் அவளது இரண்டு முன்கைகளிலும் பொட்டுப் பொட்டாய் இருந்தன. வளையல் போட்டால் சுழலும் இயந்திரம் கையோடு இழுத்துவிடும் என்பதால் அவள் கை மொட்டையாக இருக்கும். அதற்கும் உறவில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீர்ப் பம்பு நின்றுபோனால் அந்த மொட்டைக் கையைத்தான் தேடி வந்தார்கள்.

மாமனார் இறந்தபோது ஒரு பட்டறை இரண்டானது. பெரிய கொட்டகையும் துளைபோடும் இயந்திரமும் வாடிக்கையும் மூத்த மகனுக்கு. வெல்டிங் பெட்டியும் இந்த லேத்தும் இளையவனுக்கு. நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பி, குழாய்களின் மேல் உருட்டி, தெரு நெடுக லேத்தைத் தள்ளிக்கொண்டு வந்த நாளில் ஒரு வரி எழுதப்படவில்லை. எழுதலாமா என்று கேட்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவும் இல்லை. இளையவனுக்கு வெல்டிங்தான் கைவந்தது. சும்மா கிடந்த லேத்தைத் துடைக்கப் போனவள் அதை ஓட்டக் கற்றாள்.

இப்போது ஆலை ஒன்றிலிருந்து நீள நீளமான உருளைகள் கடைசலுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவளுடைய லேத்து குட்டை. அந்த உருளைகள் அதில் அடங்கவில்லை. மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், தானாகவே ஓடும் புதிய இயந்திரம் ஒன்றை இறக்கியிருந்தார். அவருடைய பழைய நீள லேத்து பச்சை வண்ணம் பூசிக்கொண்டு ஓரமாக நின்றது. விலை பேசியாயிற்று. கடைசல்காரியின் தாய்வீட்டுப் பங்கு கைக்கு வந்திருந்தது. மறுநாள் கொடுப்பதாக ஏற்பாடு.

சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்: “பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த மிஷினுக்கு வில்லங்கம் பாத்துடணும்.”

கணவனின் கை பாதியில் நின்றது. “நிலத்துக்குத்தான் வில்லங்கம் பாப்பாங்க. இரும்புக்கு எவளாவது பாப்பாளா?”

“நிலம் எங்கயும் ஓடிப்போகாது, அதுக்கே பாக்கறோம். இரும்பு லாரில ஏறிப் போயிடும்ங்க.”

அவள் காற்றிலிருந்து பிடித்த பேச்சல்ல அது. அடுத்த தெருப் பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினார். விற்றவன் அதன்மேல் முன்பே கடன் வாங்கியிருந்தான், விற்ற பணத்தோடு தலைமறைவானான், கடன் கொடுத்தவர்கள் வந்து இயந்திரத்தைத் தூக்கிப் போனார்கள். கடைக்காரர் தான் வாங்கிய ரசீதைத் தெருவெல்லாம் காட்டினார். ரசீது மெய்தான், ஆனால் அதற்கு முன்னால் அடமானம் பதிவாகியிருந்தது. அசையும் பொருளின் மேல் யாருக்கு என்ன கட்டு இருக்கிறது என்று பதிந்து வைக்கவும் தேடிப் பார்க்கவும் ஓர் அலுவலகம் உண்டு என்பதை அந்த மனிதர் பொருள் போன பிறகு அறிந்தார். கடைசல்காரி அவர் வாயிலிருந்து, பொருள் போகும் முன்பே அறிந்தாள்.

அண்ணன் என்ன திருடனா என்று கணவன் கேட்டான். சிறு வயதில் காய்ச்சலில் கிடந்த தம்பியை வைத்தியரிடம் தோளில் சுமந்து ஓடியவர் அவர். தனக்குச் சட்டை எடுக்காமல் தம்பிக்கு எடுத்தவர். அத்தனையும் உண்மை, கடைசல்காரியும் அதை மறுக்கவில்லை. திருடனிடம் போய் யாரும் பொருள் வாங்குவதில்லை, தெரிந்தவரிடம்தான் வாங்குகிறோம், ஏமாந்தவர்கள் எல்லாம் தெரிந்தவரிடம்தான் ஏமாந்திருக்கிறார்கள் என்றாள்.

“நமக்குள்ள என்ன இதெல்லாம்?” என்றான் அவன்.

“நமக்குள்ளதான் இது வேணும்” என்றாள் அவள்.

தேடுவதற்கு இயந்திரத்தின் எண் வேண்டும். அது லேத்துப் படுகையின் கடைசியில், இரும்பிலேயே குத்தப்பட்டிருக்கும். பச்சை லேத்தில் அந்த இடத்தைப் பூச்சும் வண்ணமும் மூடியிருந்தன. பழைய இயந்திரம் வாங்குகிறவர் அதை ஓட்டிப் பார்க்கலாம், ஓசை கேட்கலாம், ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கலாம். வண்ணத்தைச் சுரண்டக் கூடாது. அந்த வட்டாரப் பட்டறைகளில் இது எழுதாத சட்டம். சுரண்டினால் விற்பவனின் முகத்தையே சுரண்டியதாக அர்த்தம். சட்டம் யாருக்கு வசதியாக இருந்தது என்று எவரும் கேட்டதில்லை.

அன்று மாலை கணவனோடு மூத்தாரின் கொட்டகைக்குள் போய், மடியிலிருந்து சுரண்டியை எடுத்து, பச்சை லேத்தின் கடைசியில் குந்தி உட்கார்ந்தாள் கடைசல்காரி. முதல் கீறல் கேட்டதுமே வேலையாட்கள் தங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள்.

தேநீர்த் தட்டோடு வந்த ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, வாயில் விரல் வைத்தாள். “என்னடி இது, பொண்ணு பாக்க வந்தவ பொண்ணோட மூஞ்சியில இருக்கிற பவுடரைத் தொடச்சுப் பாக்கற மாதிரி?”

“பவுடருக்குக் கீழ இருக்கறதோடதானே அக்கா குடித்தனம் பண்ணப்போறேன்.”

வேலையாட்களில் ஒருவன் சிரித்து, மூத்தாரைப் பார்த்து அதை இருமலாக்கினான். மூத்தார் சினக்கவில்லை. நல்லா பாரும்மா, எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு என்று சொல்லிவிட்டு, தம்பியிடம் மட்டும் முகம் கொடுக்காமல் தன் புதிய இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சை உதிர்ந்து, அதன் கீழ் சாம்பல் உதிர்ந்து, கடைசியில் இரும்பு தெரிந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணைக் குறித்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் கணவன் அவளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தான்.

மறுநாள் அவள் தேடிப் போன பதிவகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. குறுகிய படிக்கட்டு, எண்ணெய் காணாத மின்விசிறி, சுவரோரம் ஒரு பெஞ்சு. எழுத்தருக்குக் கடும் சளி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே எண்ணை வாங்கிக் கணினியில் தட்டிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பச்சை லேத்தின் மேல் எந்தக் கட்டும் இல்லை.

கடைசல்காரிக்கு ஒரு கணம் கூசியது. உத்தமரைச் சந்தேகித்தோமோ என்ற கூச்சம் அது. நேர்மையாளருக்கு வாழ்நாளில் பல முறை வரும் கூச்சம். அதன் தயவில்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள். அப்படியே எழுந்து போயிருப்பாள், அதற்குள் மிஷினுக்கு மட்டுமா, ஆளுக்கும் பாக்கணுமா என்று எழுத்தர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். பொருளைத் தேடினால் அந்தப் பொருளின் மேல் உள்ள கட்டு தெரியும்; ஆளைத் தேடினால் அவர் எதையெதை ஈடாக வைத்திருக்கிறாரோ எல்லாமே தெரியும். கடையில் உள்ள சாமான் முழுவதும் என்று எழுதி வாங்குகிறவர்களும் உண்டு; அது பொருளின் எண்ணில் அகப்படாது.

வந்தது வந்தாயிற்று, அதையும் பாருங்கள் என்றாள்.

மூத்தாரின் பெயரில் ஒரே பதிவு. புதிய இயந்திரம் வாங்கிய கடன். ஈடு: அந்தப் புதிய இயந்திரம். அது போதாதென்று கூடுதல் ஈடாக இன்னொன்று: லேத்து ஒன்று, எண் இன்னது.

எழுத்தர் படித்து முடிக்குமுன் மீதி இலக்கங்களை அவள் தானே சொன்னாள். தினமும் வேலை முடித்து எண்ணெய் துடைக்கும்போது அவள் பெருவிரல் தடவிப்போகும் எண் அது. பெற்ற பிள்ளையின் முதுகு மச்சத்தை ஒருத்தி எப்படி அறிவாளோ அப்படி அறிந்திருந்தாள். வாங்கப் போகும் இரும்பில் வில்லங்கம் இல்லை. தன் வீட்டு இரும்பில் இருந்தது.

எழுத்தர் கைக்குட்டையை மடித்து வைத்தார். அந்த இயந்திரத்தின் பழைய பில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: “அவர் தவணை கட்டலைன்னா அவங்க உங்க வீட்டுக்குத்தான் வருவாங்கம்மா. உங்களோடதுன்னு நிரூபிக்கிற பாடு உங்களோடது. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. இங்க யார் முதல்ல பதியறாங்களோ அவங்களுக்குத்தான் முதல் உரிமை.”

அவள் வீடு திரும்பியபோது வானம் கறுத்திருந்தது. கணவன் ஒரு வாசல் கதவின் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் முகமூடியைத் தூக்கும்வரை காத்திருந்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். அவன் நம்பவில்லை, அப்புறம் மெல்ல நினைவுக்குக் கொண்டுவந்தான். பங்கு பிரித்த அன்று பில் அண்ணனிடமே இருக்கட்டும் என்றது அவன்தான். உங்க பெட்டியில இருந்தா பத்திரம் என்று அவனே கொடுத்தான். பில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்கே பொருள் என்பதை அண்ணனும் அன்று அறியவில்லை, தம்பியும் அறியவில்லை. பிறகு ஒருவர் மட்டும் அறிந்துகொண்டார்.

அவன் முகமூடியை மறுபடி இறக்கிக்கொண்டான். ஆனால் பொறி எழவில்லை. கம்பி கையில் அப்படியே இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் என்ன செய்கிறான் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, கிளம்பு என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூத்தார் வீட்டுக் கூடத்தில் விரித்த பாயில் உட்கார மறுத்து, ஆளின் பெயரில் தேடினால் எல்லாம் வரும் என்பதையும் அதில் வந்ததையும் சொல்லி, கடைசல்காரி நின்றுகொண்டே கேட்டாள். மூத்தார் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த குறை வேறு. கடன் கொடுத்தவர்கள் இன்னொரு ஈடு கேட்டார்கள், பெட்டியில் பில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன் என்றார். தோட்டத்தில் விழுந்த மாங்காயைப் பொறுக்கியதுபோல் சொன்னார். பச்சை லேத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, அதை விற்க வேண்டியிருந்ததே என்றார். அந்தப் பதில் தன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் கோணல் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், குரலை உயர்த்தினார்.

“காகிதத்துல ஒரு நம்பரை எழுதினேன், அவ்வளவுதான். உன் மிஷின் உன் வீட்டுலதானே ஓடுது? ஒரு திருகாணி குறைஞ்சுதா?”

“கயித்துல கட்டின மாடும்தான் மேயுது மாமா. கயிறு யார் கையில இருக்குன்னுதான் கேக்கறேன்.”

“நான் தவணை கட்டாம ஓடிடுவேன்னு நினைக்கிறியா?”

“ஓடமாட்டீங்க. உங்களுக்கு உடம்பு முடியாம போனா? ஆலை வேலை நின்னுபோனா? லாரி முதல்ல எந்த வாசல்ல வந்து நிக்கும்? உங்க புது மிஷினுக்கு வந்த ஆசைக்கு என் அடுப்புதானே அணையும்.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?”

“யோசிச்சிருப்பேன். கொடுத்திருந்தா அது நான் கொடுத்ததா இருந்திருக்கும். இப்ப நீங்க எடுத்ததா இருக்கு.”

தகரத்தின் மேல் மழை கொட்டியது. ஓரகத்தி சமையலறை நிலையைப் பிடித்தபடி, இருக்கிறது இருக்கட்டும், பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தாள். பேசித் தீர்த்துத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம் என்று கடைசல்காரி சொல்லிவிட்டு, தான் வந்த காரியத்தைச் சொன்னாள். பச்சை லேத்தை வாங்கப் போவதில்லை. அதை மூத்தார் அவளுக்கு ஈடாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் அதைப் பதிவு செய்வாள். தன் லேத்தின் மேல் உள்ள கட்டு அவிழும் நாளில் இந்தக் கட்டையும் அவிழ்ப்பாள். அதுவரை பச்சை லேத்தை அவர் ஓட்டலாம், எண்ணெய் விடலாம். விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது.

மூத்தார் சிரித்தார். நீ வாங்காவிட்டால் போ, நாளைக்கே இதை வேறு ஒருவரிடம் ஈடு வைத்துவிடுகிறேன் என்றார்.

“தெரியும். அதனாலதான் மழையில வந்தேன். எழுதிக் கொடுக்கலைன்னா நாளைக்குக் காலையில உங்களுக்குக் கடன் கொடுத்தவங்க கதவைத் தட்டி, அந்த லேத்து உங்களோடது இல்லன்னு சொல்லிடுவேன். அப்புறம் அவங்க உங்ககிட்ட என்ன கேப்பாங்களோ, நீங்களாச்சு அவங்களாச்சு.”

“குடும்ப மானத்தைக் கொண்டுபோய் ஆபீஸ்ல ஒட்டப் போறியாடி?” என்றாள் ஓரகத்தி.

“எழுதினதால எந்தக் குடும்பத்து மானமும் போகல அக்கா. எழுதாம விட்டதாலதான் இப்ப நான் உங்க வீட்டுக் கூடத்துல ஈரப் புடவையோட நிக்கறேன்.”

மூத்தார் அவளை விட்டுத் தம்பியைப் பிடித்தார். எந்தக் குடும்பத்திலும் இதுதான் கடைசி ஆயுதம்: பெண்ணின் நியாயத்துக்குப் பதில் இல்லாதபோது அவள் புருஷனின் ஆண்மையைக் கேட்பது. “ஏண்டா, உன் வாயில என்ன பூட்டா? பொண்டாட்டி பேசறா, நீ நிலைக்கால் மாதிரி நிக்கற. உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஓடினவன்டா நான்.”

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

“தூக்கிட்டு ஓடினீங்க. மறக்கல. என் உயிரைக் கேளுங்க, ஏன்னு கேக்கமாட்டேன், அது உங்களோடது. ஆனா அந்த மிஷின் என் உயிர் இல்ல அண்ணே. அது அவளோட கை. அதை நானே எடுத்துக் கொடுக்க முடியாது. நீங்க எப்படி எடுத்துக் கொடுத்தீங்க?”

 கூடத்தின் மூலையில் ஒழுகிய தண்ணீருக்கு ஓரகத்தி ஒரு பாத்திரத்தை வைத்தாள். மூத்தார் எழுந்து கொட்டகைப் பக்கத்துக் கதவைத் திறந்து, பச்சை வண்ணம் சுரண்டப்பட்ட லேத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சமாதானம் இல்லை. கணக்குப் போட்டுத் தோற்றவனின் முகம் அது. ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பான் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் எழுத்தருக்குச் சளி சற்றுக் குறைந்திருந்தது. ஓரகத்தியோடு வந்த மூத்தார் கையெழுத்திட்டார். தம்பி சாட்சிக் கையெழுத்திட்டான். பெறுபவர் என்ற இடத்தில் கணவன் பெயரை எழுதலாமா என்று எழுத்தர் பழக்க தோஷத்தில் கேட்டார். கடைசல்காரி தாளைத் தன் பக்கம் திருப்பித் தன் பெயரைத் தானே எழுதினாள். அவள் இரும்பில் இழுக்கும் கோடுபோல அந்த எழுத்தும் ஆழமாக இருந்தது. எழுத்தர் தட்டினார். தேதியும் நேரமும் விழுந்தன. பச்சை லேத்தின் மேல் முதல் உரிமை, சோற்றில் இரும்புத்தூள் விழும் ஒரு வீட்டுக்காரிக்குச் சேர்ந்தது.

படி இறங்கியதும் மூத்தார் திரும்பினார். “இனிமே உறவுன்னு சொல்லிட்டு என் வாசல்ல ஏறாத.”

“ஏறுவேன் மாமா. நாளைக்கே வருவேன். பச்சை மிஷினைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கீங்களான்னு பாக்க வேணாமா? அதுல இப்ப எனக்கும் பாத்தியதை இருக்கு.”

தம்பி வேறு பக்கம் பார்த்தான். அவன் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது. மூத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்கிய மழைநீரைத் தாண்டித் தெருவில் இறங்கினார். அவர் பின்னால் போக வேண்டிய ஓரகத்தி போகவில்லை. படிக்கட்டின் அடியில் நின்று, மருந்துக் கடைக்காரர் காதில் விழாதபடி கடைசல்காரியிடம் கேட்டாள்.

“ஆளுக்குத் தேடினா எல்லாம் வரும்னு சொன்னியே. என் பேருல தேடினா என்ன வரும்?”

“தெரியாது அக்கா.”

“எனக்கும் தெரியாது. வாக்கப்பட்டு வந்த நாளா அவர் எங்க போடச் சொன்னாரோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னன்னு ஒரு தடவைகூடக் கேக்கல.” கைப்பையைத் திறந்து பார்த்து மூடினாள். “அந்தச் சளிக்காரர் சாப்பாட்டுக்குப் போயிடுவாரா?”

“இருப்பார். போங்க.”

தெருமுனையிலிருந்து மூத்தார் கூப்பிட்டார். ஓரகத்தி ஈரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். அவர் இரண்டாம் முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மருந்துக் கடைக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். அவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.